"விற்கவில்லை" என்ற சொல் கடைசி வரிசைக்குப் போகாத நாடகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடும் ஒரு தன்னார்வ நாடகக் குழுவில் நடந்தது இது. ஐந்து நடிகர்கள், ஓர் இயக்குநர், ஒளியையும் ஒலியையும் மேடைப் பொருள்களையும் கவனித்துக்கொள்ள மூவர். புதிதாக எழுதப்பட்ட 70 நிமிட நாடகம் ஒன்றை 220 இருக்கைகள் கொண்ட அரங்கில் மூன்று முறை நடத்துவதாகத் திட்டம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் சம்மதித்த பிறகே இதைப் பதிவு செய்கிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

கதை எளியது. தந்தை இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து அண்ணன் வீடு திரும்புகிறான். பூர்வீக வீட்டைத் தனக்குத் தெரியாமல் அவன் விற்றுவிட்டான் என்றே தங்கை இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். இறுதிக்கு முந்தைய காட்சியில் அவன் வாய் திறக்கிறான்: "வீட்டை நான் விற்கவில்லை." அதற்குப் பிறகு மேடையில் நடப்பதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

அண்ணனாக நடித்தவருக்கு வயது முப்பதுக்கு மேல். சில குறும்படங்களில் நடித்துப் பாராட்டுப் பெற்றவர். மேடைக்கு இதுதான் முதல் முறை. தங்கையாக நடித்தவர் பல ஆண்டு மேடை அனுபவம் உள்ளவர். ஒத்திகை முழுவதும் ஒரு மாடி அறையில் நடந்தது. நடிகர்கள் நின்ற இடத்துக்கும் இயக்குநரின் நாற்காலிக்கும் இடையே பத்தடிகூட இல்லை. மூன்று மாதம் அந்த நாற்காலி இடம் மாறவில்லை. அரங்கிலோ மேடை விளிம்பிலிருந்து கடைசி வரிசை ஐம்பதடிக்கு அப்பால் இருந்தது. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு தூரங்களுக்கு இடையில்தான் கிடந்தன என்பது என் கணிப்பு.

குரல் பயிற்சியும் மேடைப் பயிற்சியும் அளிப்பவன் என்ற முறையில் முன்னோட்டக் காட்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். அதற்கு முன் நடந்தவை குழுவினர் சொன்னவை. அதற்குப் பின் நடந்தவற்றை நேரில் கண்டேன்.

முன்னோட்டக் காட்சி

அரங்கேற்றத்துக்கு 12 நாள் இருக்கும்போது, அதே அரங்கில், நண்பர்களும் உறவினர்களுமாக 60 பேர் முன்னிலையில் முன்னோட்டம் நடந்தது.

முதலில் கண்ணில் பட்டது வேகம். ஒத்திகையில் 70 நிமிடம் ஓடிய நாடகம் 61 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு வசனமும் விடுபடவில்லை. பதற்றத்தில் எல்லோரும் வேகமாகப் பேசினார்கள், மௌனங்களைச் சுருக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நெஞ்சு படபடக்கும்போது நடிகருக்கு ஒரு நொடி மௌனம் ஐந்து நொடியாகத் தோன்றும். தான் நிதானமாகப் பேசுவதாகவே அவர் நம்புவார்.

அடுத்தது சிரிப்பு. தொடக்கத்தில் அண்ணன் இருட்டில் விளக்கு சுவிட்சைத் தேடித் தடவுகிறான். கிடைக்கவில்லை. "இந்த வீட்டில் எதுவுமே இருந்த இடத்தில் இல்லை" என்கிறான். தங்கை அமைதியாக, "நீயும்தான், அண்ணா" என்கிறாள். அரங்கம் வாய்விட்டுச் சிரித்தது. ஒத்திகை அறையில் யாரும் சிரித்ததில்லை என்பதால் அண்ணனாக நடித்தவர் வழக்கமான இடைவெளியில் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட்டார். சிரிப்பொலிக்குள் அது மூழ்கியது. அடுத்த வேடிக்கைக்கு வந்த சிரிப்பு பாதியாகக் குறைந்தது. மூன்றாவதற்கு முன்வரிசையில் இரண்டொருவர் புன்னகைத்ததோடு சரி. அதன்பின் சிரிப்பே இல்லை. நாடகம் அலுத்துவிட்டது என்று பக்கத்திரைக்குப் பின்னால் நின்றவர்கள் நினைத்தார்கள். உண்மை வேறு. சிரித்தால் வசனம் போய்விடுகிறது என்று பார்வையாளர்கள் கண்டுகொண்டார்கள்; கதையைத் தவறவிட விரும்பாமல் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒருவரும் பேசிவைத்துக்கொள்ளாமல் 60 பேரும் இப்படி ஒரே முடிவுக்கு வருவது அரங்குகளில் வழக்கமாக நடப்பதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். "வீட்டை நான் விற்கவில்லை" என்ற இடம் வந்தது. தங்கை அதிர்ந்து ஓரடி பின்வாங்கினாள். பின்வரிசைகளில் சலசலப்பு எழுந்தது. இறுதிக் காட்சியில் அண்ணன் வீட்டுச் சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைக்கிறான். திரை விழுந்தது, கைதட்டினார்கள். வெளியே வந்த பிறகு ஐந்தாறு பேர் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியில் வீட்டை விற்றானா, இல்லையா?" அவன் விற்றுவிட்டதை ஒப்புக்கொண்டதாகவே ஒருவர் புரிந்துகொண்டிருந்தார். சாவியைக் கொடுத்ததை மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொண்டு கண்கலங்கியும் இருந்தார். அவர் கண்ட நாடகம் எழுதப்பட்ட நாடகத்துக்கு நேர் எதிரானது.

"இன்னும் சத்தமாக"

அன்றிரவே இயக்குநர் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு குறிப்பைக் கொடுத்தார்: "பின்னால் கேட்கவில்லை. எல்லோரும் இன்னும் சத்தமாகப் பேசுங்கள்."

எந்த இயக்குநரும் முதலில் சொல்லக்கூடிய குறிப்புதான் இது. அடுத்த இரண்டு ஒத்திகைகளில் அண்ணனாக நடித்தவர் அதை உயிரைக் கொடுத்துப் பின்பற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது, தாடை முன்னே தள்ளியது, சுருதி ஏறியது. தங்கையைச் சமாதானப்படுத்தும் காட்சி அவளை அதட்டும் காட்சியாக மாறியது. தங்கையாக நடித்தவர் இடைவேளையில் சொன்ன வார்த்தை மிகச் சரியானது: "நீங்கள் என்னோடு பேசவில்லை. என் தலைக்கு மேலே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்."

கத்தும்போது வலுவடைவது பெரும்பாலும் உயிரொலிகள்தான். ஒரு சொல்லை இன்ன சொல் என்று அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு மெய்யொலிகளுக்கு. உதடும் நாக்கும் பல்லும் அண்ணமும் சேர்ந்து உண்டாக்கும் அந்தச் சிறிய ஒலிகள் கத்துவதால் அதே அளவுக்கு வலுப்பெறுவதில்லை. நீண்டு பெருகும் உயிரொலிகளுக்கு நடுவே அமுங்கிப்போகின்றன. அரங்கின் பின்கோடியில் நின்று கேட்டபோது சத்தம் தாராளமாக வந்தது, சொற்கள் வரவில்லை.

இரண்டாவது ஒத்திகை முடியும்போது அவர் குரல் கரகரத்தது. மறுநாள் காலை கம்மிவிட்டது. அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டது

குரல் கம்முவதற்கு முந்தைய மாலை ஒரு சோதனை செய்திருந்தோம். முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை ஆகிய மூன்று இடங்களிலும் நாடகத்தை அறியாத மூவரை உட்காரவைத்தோம். ஒவ்வொருவர் கையிலும் அந்தக் காட்சியின் வசனப் பிரதியும் ஒரு பென்சிலும். காதில் தெளிவாக விழாத சொல்லின் கீழ் கோடு போட வேண்டும். பிடித்திருக்கிறதா, புரிகிறதா என்றெல்லாம் எதுவும் கேட்கவில்லை. கையில் பிரதி இருந்தால் காது கேட்காததையும் கண் நிரப்பிவிடும். ஆகவே முதலில் கேட்டுவிட்டு, ஒவ்வொரு வசனமும் முடிந்த பிறகே பிரதியைப் பார்க்கச் சொன்னோம்.

மூன்று பிரதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது இயக்குநர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. முழுதாகக் கேட்காமல் போன வசனம் அநேகமாக எதுவும் இல்லை. கடைசி வரிசைப் பிரதியில் கோடுகள் ஏறக்குறைய எல்லாமே வாக்கியங்களின் கடைசிச் சொல்லின் கீழ் இருந்தன. நடுவரிசையிலும் அப்படியே, எண்ணிக்கை மட்டும் குறைவு. "வீட்டை நான் விற்க" வரைக்கும் கோடில்லை. "வில்லை" என்ற பகுதிக்குக் கீழே அழுத்தமான கோடு.

தமிழ் வாக்கியம் தன் தீர்ப்பைக் கடைசியில்தான் சொல்கிறது. யார் செய்தது, எப்போது செய்தது, செய்ததா செய்யாததா, செய்யலாமா கூடாதா என்பதெல்லாம் வினைமுற்றில் அடங்கிக் கிடக்கிறது. வருவேன், வரமாட்டேன், வந்திருக்கலாம், வந்திருக்கக்கூடாது என எல்லாமே முதலெழுத்துக்குப் பிறகுதான் பிரிந்துபோகின்றன. வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தவறவிடும் பார்வையாளர் ஊகித்து நிரப்பிக்கொள்வார். முடிவைத் தவறவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ஒரு கேள்விதான். தமிழில் நடிக்கிறவர்களுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

குரல் கம்மியிருந்த மூன்று நாளும் அவருக்கு முழு ஓய்வு. கிசுகிசுத்துப் பேசுவதும் கூடாது. அதுவும் குரல்நாண்களுக்குச் சிரமம்தான். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டினார். வெறுமனே வீட்டில் இருக்காமல் அரங்குக்கு வந்து கடைசி வரிசையில் உட்காரச் சொன்னோம். இயக்குநரின் உதவியாளர் அவருடைய வேடத்தை வாசித்தார். தன் வசனங்களைத் தானே ஐம்பதடிக்கு அப்பாலிருந்து கேட்ட அவர், இரண்டாம் நாள் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "முடிவு வரும்போது அவர் ஏற்கெனவே முடித்துவிட்டார். நானும் இப்படித்தானா?"

கடைசிச் சொல் விழக் காரணங்கள்

அந்தக் கேள்வியே பாதி விடை. வசனம் மனப்பாடமாகிவிட்டால் நடிகருக்கு வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிடுகிறது. எண்ணம் முடிந்ததும் குரலும் தளர்கிறது. கேட்பவருக்கோ எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது. கேமரா முன்னால் இந்தத் தளர்ச்சி உறுத்தாது. மைக் அருகிலேயே இருக்கும். தாழ்ந்து முடியும் குரல் இயல்பாகவும் அழகாகவும்கூட இருக்கும். குறும்படங்களில் அவருக்குப் பாராட்டு வாங்கித் தந்த பழக்கமே மேடையில் அவரைக் கவிழ்த்தது.

மூச்சு இன்னொரு காரணம். பதற்றத்தில் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். நீண்ட வாக்கியத்தின் வால்பகுதிக்கு மிச்சம் இருக்காது. நடையும் சேர்ந்துகொண்டது. கடைசிச் சொல்லைச் சொல்லும்போதே அடுத்த இடத்துக்குக் காலெடுத்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பார்வையாளரின் கண் காலுக்குப் போனால் காதும் கூடவே போய்விடும்.

உடல் நின்ற திசைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியில் தங்கை பின்சுவரை ஒட்டிய அலமாரியருகே நிற்பாள். அண்ணன் முன்மேடையில் மேசையருகே. அவளைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் அவர் அரங்கத்துக்கு முதுகைக் காட்டியே ஆக வேண்டும். வாயிலிருந்து புறப்படும் ஒலியில் தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாப் பக்கமும் பரவும். உயர்ந்த அதிர்வெண்கள் வாய் நோக்கும் திசையிலேயே அதிகம் போகும். மெய்யொலிகளின் தெளிவு பெரிதும் அந்த உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. திரும்பி நின்று பேசுகிறவரின் குரல் மட்டும் கேட்டுச் சொல் மங்குவதற்குக் காரணம் இதுவே. அரங்கம் நிரம்பினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் மனித உடல்களும் உடைகளும் அந்த உயர்ந்த அதிர்வெண்களைக் கணிசமாக உறிஞ்சிக்கொள்கின்றன. காலி அரங்கில் கணீரென்று கேட்டது நிறைந்த அரங்கில் கேட்கும் என்று நம்பக் கூடாது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் அலமாரியை நகர்த்தினோம். நடிகரிடம் எதையும் திருத்துவதற்கு முன்னால் அவரைத் தவறாக நிற்கவைத்த மேடையைத் திருத்துவதே நியாயம். அலமாரி பக்கவாட்டுக்கு வந்தது. தங்கை முன்கூட்டியே அலமாரியைத் திறந்து, தந்தையின் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்மேடையின் இடது மூலைக்கு வந்துவிடுவாள். இப்போது இருவரும் மேடை விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நின்றால் முன்னால் நிற்பவர் தோற்றுப்போவார் என்பது மேடையின் பழைய கணக்கு.

அண்ணனாக நடித்தவரை அவளை நோக்கி முழுதாகத் திரும்பாமல், முக்கால் முகம் அரங்கத்துக்குத் தெரியும்படி நிற்கச் சொன்னோம். இதற்கு அவர் உடன்படவில்லை. குரல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த நேரம், தாழ்ந்த குரலில் ஆனால் உறுதியாகச் சொன்னார்: "மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துத்தான் பேசுவார்கள். பக்கவாட்டில் நின்று பேசினால் நான் பொய் சொல்வதுபோல எனக்கே இருக்கிறது."

அவருடைய மறுப்பில் மதிக்கத்தக்க ஒன்று இருந்தது. மேடை விளிம்பில் ஒரு பெரிய சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடியுங்கள் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதெரோ 1758ஆம் ஆண்டிலேயே எழுதினார். "நான்காவது சுவர்" என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பார்வையாளரைப் பார்த்துப் பல்லிளிக்கும் நடிப்பிலிருந்து நாடகத்தை மீட்டதில் அந்த எண்ணத்துக்குப் பங்குண்டு. ஆனால் அந்தச் சுவர் பாத்திரத்துக்கு உரியது. பாத்திரத்துக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாது. நடிகருக்குத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும்.

தர்க்கம் பேசி அவரை ஏற்கவைக்க முடியவில்லை. வழி கிடைத்தது தங்கையாக நடித்தவரிடமிருந்து. "மிகக் கடினமான உண்மையைச் சொல்லும்போது யாராவது முகத்தைப் பார்ப்பார்களா?" என்று கேட்டார். அவருடைய யோசனைப்படி அண்ணன் அந்த வசனத்துக்கு முன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுக்கிறான். நெஞ்சுக்கு முன்னால் கையில் வைத்துக்கொண்டு, சாவியைப் பார்த்தபடியே "வீட்டை நான்" என்கிறான். "விற்கவில்லை" என்ற சொல்லுக்குத்தான் தலை நிமிர்கிறது. முகம் அரங்கத்துக்குத் திறந்திருக்கிறது, காரணமோ பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. நடிகர் ஒரே முயற்சியில் ஏற்றுக்கொண்டார். மேடைக்கான தேவையைப் பாத்திரத்தின் தேவையாக மாற்றிக் கொடுத்தால் நல்ல நடிகர்கள் மறுப்பதில்லை.

குரலுக்கு இரண்டு பயிற்சிகள் மட்டும் கொடுத்தோம். வாக்கியத்தை வாலிலிருந்து கட்டுவது ஒன்று: முதலில் "விற்கவில்லை", பிறகு "நான் விற்கவில்லை", பிறகு முழு வாக்கியம். கடைசிச் சொல்தான் போய்ச்சேர வேண்டிய இடம் என்று வாய்க்கும் மூச்சுக்கும் பழகிவிடும். இரண்டாவது பயிற்சியில் தங்கையாக நடித்தவர் மேடையிலிருந்து இறங்கி, வசனம் பேசிக்கொண்டே வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் போவார். ஒரு சொல் கேட்காவிட்டால் கையைத் தூக்குவார். அண்ணன் கத்தக் கூடாது. விலா எலும்புகள் விரிய மூச்செடுத்து, சொல்லை அவளிடம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கடைசி வரிசையைத் தொட்டபோது அவருடைய குரல் உயர்ந்திருந்தது, ஆனால் அதட்டலாக இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது மாறாதவரை குரலின் இயல்பு கெடுவதில்லை. பிறகு அவள் மேடைக்குத் திரும்பி வந்து அருகில் நின்றாள். தூரம் குறைந்தாலும் குரலின் வீச்சைக் குறைக்காதீர்கள் என்பதுதான் குறிப்பு.

கூடவே ஒரு விதி: கடைசிச் சொல் முடியும்வரை கால் அசையக் கூடாது.

சிரிப்புக்கும் ஒத்திகை நடத்தினோம். குழுவைச் சாராத பத்துப் பேரை அழைத்து உட்காரவைத்தோம். சிரிப்பு எழுந்து, உச்சத்துக்குப் போய், இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முழு அமைதி வரும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். காத்திருக்கும் நொடிகளில் பாத்திரமும் உறைந்துவிடக் கூடாது. அண்ணன் மறுபடி சுவரைத் தடவி சுவிட்சைத் தேடலாம். தங்கை அவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பதற்றத்தைப் பொறுத்தவரை, அதைப் போக்கிவிடுவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ருஷ்ய நடிகரும் இயக்குநருமான கான்ஸ்தந்தின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகரின் கவனத்தைச் சிறிய, நடுத்தர, பெரிய வட்டங்களாகப் பிரித்துப் பயிற்றுவித்தார். பயம் வரும்போது கவனத்தைச் சிறிய வட்டத்துக்குள், கையில் உள்ள ஒரு பொருளுக்குள், இழுத்துக்கொள்ளலாம், நிலைபெற்றதும் விரிக்கலாம். பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கும்போது அவர் செய்ய வேண்டியவை இரண்டுதான்: மூச்சை நீளமாக வெளியே விடுவது, பிறகு "இப்போது எனக்கு வேண்டியது விளக்கு சுவிட்ச்" என்று நினைப்பது. நன்றாக நடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மேடையேறுகிறவருக்கு மேடையில் செய்ய வேலை ஒன்றும் இல்லை. சுவிட்சைத் தேடுகிறவருக்கு வேலை இருக்கிறது.

சட்டையில் பொருத்தும் மைக்குகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று குழுவில் இருவர் வலியுறுத்தினார்கள். இதை நீண்ட நேரம் பேசினோம். திறந்தவெளியிலோ ஆயிரம் பேர் அமரும் அரங்கிலோ நான் தயங்காமல் சரி என்றிருப்பேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. அங்கே மனிதக் குரலை மட்டும் நம்புவது கொடுமை. சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பித் தரும் 220 இருக்கை அரங்கு அப்படியல்ல. மேலும் தாழ்ந்து விழும் கடைசிச் சொல்லை மைக் நிமிர்த்தாது. விழுவதையே பெரிதாக்கிக் காட்டும். இயக்குநர் வேண்டாம் என்று முடிவெடுத்தார். நடிகரின் குரல் அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் முன்புவரை தேறாவிட்டால் மட்டும் எடுப்பது என்று ஒரு வரம்பும் வைத்தார். குரல் தேறியது.

ஒளியில் ஒரு சின்னத் திருத்தம். சாவி வசனத்தின்போது அவர் ஒளிவட்டத்துக்கு ஓரடி வெளியே நின்றுகொண்டிருந்தார். பழைய விளக்குகளாக இருந்தால் முகத்தில் சூடு படுவதை வைத்தே இடம் கண்டுபிடித்துவிடலாம். எல்இடி விளக்குகளில் அந்தச் சூடு தெரியாது. தரையில் ஒட்டிய சிறு நாடாவும், கண்ணில் கூசும் வெளிச்சமும்தான் அடையாளம் என்று பழக்கினோம்.

அரங்கேற்றம்

ஏறக்குறைய நிறைந்த அரங்கு. நாடகம் 68 நிமிடம் ஓடியது. "நீயும்தான், அண்ணா" என்ற இடத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டே காத்திருந்தார். சிரிப்பு இரண்டாவது அலையாக மீண்டும் எழுந்தது. அதற்குப் பின் வந்த வேடிக்கைகளுக்கு அரங்கம் தயங்காமல் சிரித்தது.

சாவிக் காட்சியில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "வீட்டை நான்" என்றபோது குரல் தாழ்வாகவே இருந்தது. ஒரு மூச்சு. தலை நிமிர்ந்தது. "விற்கவில்லை." எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி "ஐயோ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். வெளியே வரும்போது விற்றானா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் ஏன் எட்டு ஆண்டு வாய் திறக்கவில்லை என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாடகாசிரியர் எழுப்ப விரும்பிய கேள்வி அதுதான்.

அடுத்த இரண்டு காட்சிகள்

இரண்டாம் நாள் தங்கையாக நடித்தவருக்கு ஒரு வசனம் நழுவியது. இரண்டு பக்கம் தாண்டிப் போய்விட்டார். சித்தப்பா வீட்டுக்கு விலை பேசியிருக்கிறார் என்ற தகவல் விட்டுப்போன பக்கத்தில் இருந்தது. அது இல்லாமல் அடுத்த காட்சி புரியாது. அண்ணனாக நடித்தவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் தெரிந்த வெறுமையைக் கோபமாக எடுத்துக்கொண்டு, பாத்திரத்தின் குரலிலேயே கேட்டார்: "அப்படியென்றால் சித்தப்பா பேசிய விலைக்கு நீ சம்மதித்துவிட்டாயா?" தகவல் மேடைக்கு வந்துவிட்டது. அவளும் பிடித்துக்கொண்டாள். அரங்கில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தன் அடுத்த வசனத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்த நடிகரால் இதைச் செய்திருக்க முடியாது. எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்ததால்தான் எது விடுபட்டது என்பது அவருக்கு உடனே உறைத்தது.

மூன்றாம் நாள் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. பார்வையாளர்கள் பாதிக்கும் குறைவு, அங்குமிங்குமாகச் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். சிதறி உட்கார்ந்த கூட்டம் எளிதில் சிரிக்காது. பக்கத்து இருக்கையின் சிரிப்புதான் நம் சிரிப்பைக் கிளப்புகிறது. வழக்கமாகச் சிரிப்பு வரும் இடத்தில் அவர் காத்திருந்தார். வரவில்லை. மேடையில் ஒரு பள்ளம் விழுந்தது. அடுத்த கால் மணி நேரம் இழந்ததை மீட்கும் ஆவேசத்தில் வேகம் கூட்டினார். வாக்கிய முடிவுகள் மறுபடி தேயத் தொடங்கின. சாவிக் காட்சியில் நிலைக்கு வந்துவிட்டார் என்றாலும் நடுப்பகுதி கலைந்துபோனது. முந்தைய நாள் கிடைத்த சிரிப்பைத் தேடக் கூடாது, இன்றைக்கு அரங்கில் இருப்பதைக் கேட்டுத்தான் காத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை ஒத்திகையில் நாங்கள் போதுமான அளவு பழக்கவில்லை. பத்துப் பேர் சிரித்த பயிற்சி நடந்தது. பத்துப் பேர் சிரிக்காத பயிற்சி நடக்கவில்லை.

மறுமுறை என்ன மாறும்

இயக்குநரின் நாற்காலி இரண்டாவது வாரத்திலிருந்தே நகர வேண்டும். அறை சிறியதென்றால் கதவைத் திறந்துவைத்து நடைவழியில் போய் உட்காரலாம். ஒரே ஒருவருக்கு, ஒரே தூரத்தில் நடித்துப் பழகிய நடிப்பு அந்தத் தூரத்துக்குள்ளேயே வளர்கிறது. குழு இதை ஏற்றுக்கொண்டு அடுத்த நாடகத்தின் ஒத்திகைகளில் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மேடையமைப்பின் வரைபடம் கையில் வந்த பிறகே அசைவுகளைத் தீர்மானிப்பது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். அலமாரிச் சிக்கல் 12 நாளுக்கு முன் தெரியவந்ததால்தான் சரிசெய்ய முடிந்தது. இறுதி ஒத்திகையில் தெரிந்திருந்தால் அப்படியே விட்டிருப்பார்கள்.

வசனப் பிரதியில் கோடு போடும் சோதனையை முன்னோட்டத்துக்கு முன்பே, குரல் களைக்காத நிலையில், வெவ்வேறு ஆட்களை வைத்து இரண்டு முறை செய்ய வேண்டும். "சத்தமாக" என்ற குறிப்பை இயக்குநர் இப்போது கொடுப்பதில்லை. எந்தச் சொல் எந்த வரிசையில் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறார். நடிகருக்கு அது வேலையாகத் தெரிகிறது, குறையாகத் தெரிவதில்லை. குரல் கம்மிய பிறகு ஓய்வு கொடுப்பதைவிட, கரகரப்பின் முதல் அறிகுறியிலேயே ஒத்திகையை நிறுத்துவது என்றும் விதி வகுத்திருக்கிறார்கள். ஓய்வெடுத்தும் சில வாரங்களில் சரியாகாத கரகரப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

ஒன்று மட்டும் தீராமல் நிற்கிறது. கடைசிக் காட்சியில் அண்ணன் தரையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசும் பகுதி மூன்று காட்சிகளிலும் பின்வரிசைகளுக்குச் சரியாகப் போகவில்லை. அரங்கின் தளம் சரிவில்லாதது. அவர் உட்கார்ந்ததும் நான்காவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னிருப்பவர்களின் தலைகள் மறைத்தன. முகம் தெரியாதபோது வாயசைவைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்கும் உதவியும் போய்விடுகிறது. தந்தையின் பெட்டியையே இரண்டடி உயரமுள்ளதாகச் செய்து அதன்மேல் அவரை உட்காரவைக்கலாம் என்கிறார் இயக்குநர். தரையில் உட்கார்ந்தால்தான் அந்தத் தளர்ச்சி வருகிறது என்கிறார் நடிகர். மறுமேடையேற்றத்துக்கு முன் இரண்டு விதமாகவும் நடத்தி, பின்வரிசையில் பென்சிலோடு ஆட்களை உட்காரவைத்துப் பார்ப்பதாக இருக்கிறார்கள்.